அந்தமானைத் தரைவழியும் கடல்வழியும் சுற்றுவது எப்படி

அந்தமான் போகிறோம் என்று முடிவானதும் எல்லோரும் முதலில் எடுப்பது பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல். அதைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். முதலில் வேண்டியது இரண்டு கால அட்டவணை. ஒன்று தீவுக்குத் தீவு ஓடும் படகுகளுடையது, இன்னொன்று கடல் ஏறி வற்றும் நேரங்களுடையது. எந்த நாள் எந்தத் தீவில் இருப்பது என்பதைப் படகு முடிவு செய்யும், அந்த நாளில் எத்தனை மணிக்கு எந்தக் கரையில் நிற்பது என்பதைக் கடல் முடிவு செய்யும். இந்த இரண்டையும் பார்க்காமல் ஓட்டல் பதிவு செய்தவர்கள்தான், ‘அந்தமான் போனோம், ஒரே சேறும் பாறையுமாக இருந்தது’ என்று திரும்பி வந்து சொல்வார்கள்.

கொஞ்சம் பூகோளம் பார்த்துவிடலாம், இது தெரியாமல் திட்டம் போட முடியாது. வடக்கு, நடு, தெற்கு அந்தமான் என்ற மூன்று பெரிய தீவுகளும் நடுவில் பாராடாங்கும் ஏறக்குறைய ஒட்டிக்கொண்டே கிடக்கின்றன, இடையில் இருப்பது குறுகலான கடல் கால்வாய்கள்தான். அதனால் இவற்றைச் சாலை வழியாகவே போய்ப் பார்க்கலாம். கிழக்கே கொஞ்சம் தள்ளி ஹேவ்லாக், நீல் தீவுகள், அங்கே கடல்வழி மட்டும்தான். தெற்கே தள்ளி லிட்டில் அந்தமான், அதற்கும் தெற்கே பத்து டிகிரி கால்வாய் தாண்டினால் நிக்கோபார். நிக்கோபாரின் பெரும்பகுதிக்குப் பழங்குடிப் பகுதி அனுமதிச் சீட்டு இல்லாமல் நம்மாலும் போக முடியாது, அதை இந்தப் பயணத்தில் சேர்க்காதீர்கள். ஒரு வாரத்துக்கும் குறைவாகத்தான் விடுமுறை என்றால் போர்ட் பிளேர், ஹேவ்லாக், நீல் மட்டும் போதும். பத்து நாள் கிடைத்தால் வடக்கே சாலைப் பயணத்தையும் சேருங்கள். ஆறு நாளில் இரண்டையும் திணித்தால் வண்டியிலும் படகிலும் உட்கார்ந்திருந்ததுதான் நினைவில் நிற்கும்.

பெயர்க் குழப்பம் ஒன்று உண்டு. ஹேவ்லாக் இப்போது ஸ்வராஜ் தீவு, நீல் ஷஹீத் தீவு, போர்ட் பிளேருக்கு எதிரே உள்ள ராஸ் தீவு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு. மூன்றும் 2018 கடைசியில் மாறியவை. போர்ட் பிளேரே 2024 செப்டம்பரிலிருந்து ஸ்ரீ விஜய புரம். சீட்டில் எந்தப் பெயர் இருந்தாலும் பயப்பட வேண்டாம், ஆட்டோக்காரரிடம் பழைய பெயரைச் சொன்னால் போதும். பெயரில் உண்மையாகவே ஏமாற்றுவது ராஸ்தான். போர்ட் பிளேர் எதிரில் ஒரு ராஸ், வடக்கே திக்லிப்பூர் பக்கம் இன்னொரு ராஸ், இரண்டுக்கும் நடுவே ஒரு நாள் பயணம்!

எப்போது போவது? டிசம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் வரை. மே கடைசியில் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும், அது முடிந்து மூச்சு விடுவதற்குள் வடகிழக்கு வந்துவிடும். மழை நனைப்பது பெரிய சங்கடமில்லை, காற்று கூடினால் படகுகளை நிறுத்திவிடுவார்கள் என்பதுதான் சங்கடம். நல்ல பருவத்திலும் இது எப்போதாவது நடக்கும். ஆகவே ஒரு விதியை மட்டும் மீறாதீர்கள்: ஊருக்குத் திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவு போர்ட் பிளேரில்தான் தங்க வேண்டும். காலையில் ஹேவ்லாக்கில் படகேறி மதியம் விமானம் பிடிக்கலாம் என்று கணக்குப் போடுவது, படகு நின்றால் மொத்தமாகக் கவிழ்ந்துவிடும். கடல்வழித் தீவுகளைப் பயணத்தின் முன்பகுதியில் வையுங்கள், தரைவழி இடங்களைப் பின்னுக்குத் தள்ளுங்கள். ஒரு நாள் பிசகினாலும் சரிக்கட்ட இடமிருக்கும்.

இன்னொன்று, அங்கே பொழுது சீக்கிரம் சாய்ந்துவிடும். அவ்வளவு கிழக்கே இருந்துகொண்டு கடிகாரம் மட்டும் நம்முடையது, அதனால் டிசம்பரில் மாலை ஐந்துக்கே சூரியன் மறைந்து ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும். சாவகாசமாக ஒன்பது மணிக்குக் காலை உணவு சாப்பிட்டுக் கிளம்பும் பழக்கம் உள்ளவர்கள் பாதி நாளைத் தொலைத்துவிடுவார்கள். ஐந்து மணிக்கு எழுந்து பழகுங்கள், கரையில் கூட்டமும் இருக்காது.

படகு

சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று கூடுதல். இறங்கிய அன்றே ஹேவ்லாக் போக வேண்டும் என்றில்லை, விமானம் காலையிலேயே இறங்கினால் மதியப் படகு பிடிக்கலாம், இல்லையென்றால் அன்று செல்லுலார் சிறையைப் பார்த்துவிட்டு மறுநாள் காலை கிளம்புங்கள். 1906-இல் கட்டி முடித்தபோது அதற்கு ஏழு கட்டடச் சிறகுகள், இன்று நிற்பவை மூன்று. மாலை ஒலி ஒளிக் காட்சியைவிட, பகலில் கூட்டம் குறைந்த நேரத்தில் மேல்தளம் வரை ஏறி ஒவ்வொரு சிறகும் எதிர்ச் சிறகின் முதுகையே பார்க்கும்படி கட்டியிருப்பதைக் கவனிப்பது மேல் என்பது என் எண்ணம். எந்தக் கைதியும் இன்னொரு கைதியின் முகத்தைப் பார்த்துவிடக் கூடாது என்று போட்ட திட்டம் அது, நேரில் நின்றால் சட்டென்று புரியும்.

ஹேவ்லாக்குக்கு இரண்டு வகைப் படகுகள். தனியார் படகுகள் குளிர்சாதனம் போட்ட மூடிய அறைகள், ஒன்றரையிலிருந்து இரண்டு மணி நேரத்தில் போய்விடும், இணையத்தில் சுலபமாகச் சீட்டு எடுக்கலாம். அரசுப் படகுகள் பீனிக்ஸ் பே துறையிலிருந்து ஓடுகின்றன, கட்டணம் தனியாரில் ஒரு சிறு பங்குதான், கொஞ்சம் மெதுவாகப் போகும், இருக்கைகளும் சுமார். ஆனால் வெளித்தளத்தில் நிற்கலாம். மூடிய அறைக்குள் கண்ணாடி வழியாக நுரையைப் பார்த்துக்கொண்டு போவதற்கும், கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது பறக்கும் மீன் கூட்டம் ஒன்று தண்ணீரை உரசிக்கொண்டு எகிறிப் போவதைப் பார்ப்பதற்கும் நிறைய வித்தியாசம். ஒரு வழிக்காவது அரசுப் படகில் போங்கள். பருவ காலத்தில் சீட்டு சட்டென்று தீர்ந்துவிடும், உள்ளூர் மக்களுக்கு முன்னுரிமை உண்டு, அது நியாயமும்கூட, அவர்களுக்கு அதுதான் நகரப் பேருந்து. ஊரிலிருந்தே அரசுச் சீட்டு உறுதியாகாவிட்டால் தனியாரில் எடுத்துவிடுங்கள், பிடிவாதம் வேண்டாம். எதில் ஏறினாலும் அசல் அடையாள அட்டை கையில் இருக்கட்டும், ஏறும்போது கேட்பார்கள்.

குமட்டல் வருகிறவர்கள் நடுப்பகுதியில் கீழ்த்தளத்தில் உட்காருங்கள், அங்கேதான் ஆட்டம் குறைவு. வெறும் வயிறும் வேண்டாம், எண்ணெய் மிதக்கும் பூரியும் வேண்டாம், இட்லியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மாத்திரை போடுவதாக இருந்தால் மருத்துவரைக் கேட்டுப் புறப்படுவதற்கு முன்பே போட வேண்டும், குமட்டல் தொடங்கிய பிறகு போட்டு வேலைக்காகாது.

கடல் வற்றும் நேரம்

இப்போது இரண்டாவது அட்டவணை. ஒரு நாளில் கடல் இரண்டு முறை ஏறும், இரண்டு முறை வற்றும், நேரம் தினமும் ஐம்பது நிமிடம் போலத் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் வித்தியாசம் அதிகம், இந்தத் தீவுகளில் இரண்டு மீட்டர் அளவுக்கு இருக்கும். செங்குத்தான கரையில் இது ஒன்றும் தெரியாது. ஹேவ்லாக்கின் கிழக்குப் பக்கம், விடுதிகள் வரிசையாக இருக்கும் விஜயநகர் கரை மாதிரி தட்டையான இடத்தில் கடல் நூறு இருநூறு மீட்டர் பின்வாங்கிப் போய்விடும், முழங்கால் அளவுத் தண்ணீரில் பாறையும் செத்த பவளமும்தான் மிஞ்சும். நீந்தலாம் என்று ஆசையோடு வந்தவர்கள் விடுதிக்காரரைத் திட்டுவார்கள், அவர் என்ன செய்வார் பாவம். முன்கூட்டியே போர்ட் பிளேருக்கான ஏற்ற வற்ற நேரத்தைக் கைப்பேசியில் எடுத்து, உங்கள் நாட்களுக்கு நேராக எழுதிக்கொள்ளுங்கள். ஏற்றம் உள்ள நேரம் குளிக்க, படகில் போக. வற்றும் நேரம் நடந்து பார்க்க.

ராதாநகர் கரைக்கு இந்தக் கணக்கு அவ்வளவாகத் தேவையில்லை. மேற்கே பார்த்த, சுத்தமான மணல் சரிவு, பின்னால் உயரமான காட்டு மரங்கள். 2004-இல் டைம் பத்திரிகை ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று சொன்னதிலிருந்து மாலையில் திருவிழாக் கூட்டம். விடிகாலையில் போனால் நண்டுகளும் நீங்களும் மட்டும்தான். அங்கே பவளம் இல்லை, மீன் பார்க்க வேண்டுமென்றால் எலிபென்ட் கரைக்குப் போக வேண்டும், படகிலும் போகலாம், சாலையிலிருந்து காட்டு வழியே இறங்கியும் நடக்கலாம். மழை பெய்த மறுநாள் அந்த நடைவழி சேற்றுக்குழிதான்.

முதலை எச்சரிக்கைப் பலகையைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். உப்புநீர் முதலை இந்தத் தீவுகளில் நிஜம், 2010-இல் ஹேவ்லாக்கிலேயே ஒரு சுற்றுலாப் பயணி உயிரிழந்தார். அலையாத்திக் காடும் ஓடை முகத்துவாரமும் உள்ள கரையோரம், அதுவும் பொழுது சாய்ந்த பிறகு, தண்ணீரில் இறங்கவே வேண்டாம். உயிர்காவலர் நிற்கும் எல்லைக்குள் குளியுங்கள்.

ஸ்கூபா பற்றி எல்லோரும் கேட்பார்கள். முதல்முறை செய்பவர்களுக்கு நீச்சல் தெரிந்திருக்க வேண்டியதில்லை, பயிற்றுநர் கூடவே பிடித்துக்கொண்டு இறங்குவார். ஆனால் ஆஸ்துமா, காது, இதயப் பிரச்சினைகளை மறைக்காமல் படிவத்தில் எழுதுங்கள், சளி பிடித்திருந்தால் விட்டுவிடுங்கள், காது அழுத்தம் சமனாகாது. ஸ்கூபா முடித்த பிறகு குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது, ஒரு முழு நாள் விட்டால் இன்னும் நிம்மதி. கடல்வழித் தீவுகளை முதலில் வையுங்கள் என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். ஸ்கூபாவுக்குக் காசு கொடுக்க மனமில்லாதவர்கள் அமாவாசை ஒட்டிய இரவில் அலையாத்தி ஓடைகளில் கயாக் ஓட்டிப் பாருங்கள், துடுப்பு படும் இடமெல்லாம் நீலமாக மினுங்கும். நிலா இருக்கும் நாளில் போனால் ஒன்றும் தெரியாது.

நீல் எனக்கு ஹேவ்லாக்கைவிடப் பிடித்த தீவு. ஸ்கூட்டரோ சைக்கிளோ எடுத்தால் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சிரமமில்லாமல் போய்விடலாம், சாலையின் இரண்டு பக்கமும் காய்கறித் தோட்டம், வாழை, பாக்கு. பிரிவினைக்குப் பிறகு கிழக்கு வங்கத்திலிருந்து வந்தவர்களுக்கு நிலம் கொடுத்துக் குடியேற்றிய ஊர், அதனால் சின்னக் கடைகளில் கிடைக்கும் மீன்சோற்றில் கடுகெண்ணெய் வாசனை வரும். காலையில் சீதாப்பூர் கரை, மாலையில் லக்ஷ்மண்பூர் கரை என்பது வழக்கம். இந்த இரண்டுக்கும் நடுவில் வற்றும் நேரம் எப்போது வருகிறதோ, அப்போது இயற்கைப் பாறைப் பாலம் இருக்கும் லக்ஷ்மண்பூர் இரண்டாம் கரைக்குப் போய்விட வேண்டும். பாலத்தைப் படம் எடுத்துவிட்டு எல்லோரும் திரும்பிவிடுவார்கள், நீங்கள் அங்கேயே குனிந்து பாருங்கள். பாறைக் குழிகளில் தேங்கிய தண்ணீரில் கடல் வெள்ளரி ஒன்று கறுப்புத் தோல்பை மாதிரி அசையாமல் கிடக்கும், பவள இடுக்கிலிருந்து நொறுங்கு நட்சத்திரம் என்ற கடல் உயிரியின் மெல்லிய கைகள் மட்டும் நீட்டித் துழாவும், பாறையில் பதிந்த பெரிய சிப்பி ஒன்று நீல உதட்டைத் திறந்திருக்கும், உங்கள் நிழல் விழுந்ததும் மூடிக்கொள்ளும். எதையும் தொட வேண்டாம், தூக்கிக் காட்டச் சொல்லி வழிகாட்டியைக் கேட்கவும் வேண்டாம். வழவழப்பான பாறை, கூரான பவளம், ரப்பர் செருப்போடு போனால் விழுவது உறுதி, பின்வார் உள்ள பிடிமானமான காலணி போடுங்கள். தண்ணீர் திரும்ப ஏறத் தொடங்கினால் நடந்து வந்த வழி மூழ்கும், உள்ளூர்க்காரர்கள் கிளம்பும்போது நீங்களும் கிளம்பிவிடுங்கள்.

சாலைவழி வடக்கே

போர்ட் பிளேரிலிருந்து திக்லிப்பூர் வரை அந்தமான் டிரங்க் ரோடு, முந்நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். அரசுப் பேருந்துகள் விடியுமுன் கிளம்பி மாலைக்குள் போய்ச் சேரும். வாடகைக் கார் எடுத்தாலும் பெரிதாக வேகம் கூடாது, ஏனென்றால் ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் எல்லோரும் நிற்க வேண்டும். அதற்கு அப்பால் ஜாரவா பழங்குடி மக்களின் காப்புக்காடு, குறிப்பிட்ட வேளைகளில் மட்டும் காவலர் துணையோடு வண்டிகளை வரிசையாக விடுவார்கள். முதல் வரிசை காலை ஆறு மணி வாக்கில், அதைப் பிடிக்க போர்ட் பிளேரில் மூன்று மணிக்கே கிளம்ப வேண்டியிருக்கும்.

இந்தச் சாலையைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கசப்பு உண்டு. 2002-லேயே உச்ச நீதிமன்றம் காப்புக்காட்டுக்குள் போகும் பகுதியை மூடச் சொன்னது, இன்னும் வண்டிகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. ஜாரவாக்கள் சில நூறு பேர்தான், வெளியாட்கள் கொண்டுவரும் சாதாரண நோயே அவர்களுக்குப் பெரிய ஆபத்து, 1999-இல் தட்டம்மை பரவியது நடந்த கதை. ஆகவே ஒரே நாளில் பாராடாங் போய்த் திரும்பும் சுற்றுலாவை நான் யாருக்கும் சொல்வதில்லை, அதில் பலர் போவது அங்குள்ள சுண்ணாம்புக் குகைக்காக இல்லை, ஜாரவாக்களை வேடிக்கை பார்க்கத்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். வடக்கே போய்த் தங்குவதாக இருந்தால் போங்கள், வேறு தரைவழி இல்லை. உள்ளே வண்டியை நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, எதையும் கொடுக்கக் கூடாது; மீறினால் வழக்கும் சிறையும் உண்டு. ஓட்டுநர் ‘காட்டுகிறேன்’ என்று ஆசை காட்டினால் வேறு வண்டி பாருங்கள்.

காடு முடியும் இடத்தில் மிடில் ஸ்ட்ரெய்ட் என்ற கடல் கால்வாய். பேருந்தும் லாரியும் பயணிகளும் ஒரே தட்டையான படகில் ஏறி அக்கரை போவார்கள். முதலில் வண்டிகளைப் பின்னோக்கி ஏற்றி அங்குல இடைவெளியில் நிறுத்துவார்கள், அப்புறம் நாம் அந்தச் சந்துகளில் நின்றுகொள்ள வேண்டும், பத்துப் பதினைந்து நிமிடத்தில் பாராடாங் வந்துவிடும். அங்கிருந்து விசைப்படகில் அலையாத்திக் கால்வாய்க்குள் நுழைந்து, கொஞ்சம் நடந்தால் சுண்ணாம்புக் குகை. குகையைவிட அந்தக் கால்வாய்தான் எனக்கு முக்கியம், மரக்கிளைகள் தலைக்கு மேல் கூடி வெளிச்சமே பச்சையாக இறங்கும். சேற்று எரிமலை என்று ஒன்றும் காட்டுவார்கள், குமிழி விடும் சேற்று மேடு, நேரமிருந்தால் பாருங்கள்.

பாராடாங்கிலிருந்து நடு அந்தமானுக்கு முன்பு இன்னொரு படகு, இப்போது ஹம்ப்ரி நீரிணை மேல் பாலம் வந்துவிட்டது. அடுத்து ரங்கத். தங்க ஓரளவு இடம் கிடைக்கும், தானி நாலா என்ற இடத்து அலையாத்திக் காட்டு மரப்பாலத்தில் நடந்து கத்பர்ட் பே கரைக்கு வரலாம். ரங்கத் பக்கத்து எராட்டாவிலிருந்து லாங் ஐலண்டுக்குப் படகு உண்டு, கார் இல்லாத அமைதி வேண்டும் என்பவர்கள் அங்கே ஒரு நாள் ஒதுக்கலாம். மாயாபந்தரில் வெபி என்ற கரேன் கிராமம், 1925 முதல் பர்மாவிலிருந்து கொண்டுவந்து குடியேற்றிய மக்கள்.

திக்லிப்பூரில் குறைந்தது இரண்டு இரவு தங்குங்கள். ஏரியல் பே துறையிலிருந்து படகில் ராஸ், ஸ்மித் தீவுகள். இரண்டையும் ஒரு மணல்திட்டு இணைக்கிறது, கடல் வற்றும் நேரத்தில் போனால்தான் அதன்மேல் நடக்க முடியும், ஏற்றத்தில் போனால் இரண்டு தனித் தீவுகளைப் பார்த்துவிட்டு வர வேண்டியதுதான். வனத்துறை அனுமதியைப் படகுத் துறையிலேயே வாங்கலாம், அதற்கும் படகுக்கும் வரிசை உண்டு, சீக்கிரம் போங்கள். மறுநாள் 732 மீட்டர் உயர சேடில் பீக், அந்தமான் தீவுகளிலேயே உயரமான சிகரம். காலிப்பூர் பக்கத்திலிருந்து தொடங்கி ஏறி இறங்க ஒரு முழுப் பகல் வேண்டும், கடைசிப் பகுதி நல்ல ஏற்றம், வழியில் தண்ணீரை நம்ப முடியாது, தலைக்கு மூன்று லிட்டர் தூக்கிக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் காலிப்பூர் கரையில் ஆமைகள் முட்டையிட வரும், வனத்துறையினர் கூட இருக்கும்போது மட்டும், டார்ச்சும் ஃபிளாஷும் இல்லாமல் பாருங்கள்.

வடக்கே போக நேரமில்லாதவர்களுக்குத் தெற்கே வண்டூர் இருக்கிறது. அங்கிருந்து கடல்சார் தேசியப் பூங்காவில் உள்ள ஜாலி பாய் தீவுக்குப் படகு, பருவம் மாறினால் அதற்குப் பதில் ரெட் ஸ்கின் தீவு. ஹேவ்லாக்கில் காசு கொட்டிப் பார்ப்பதைவிட நல்ல பவளம் இங்கே இருக்கிறது. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கை உள்ளே விடமாட்டார்கள், தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோங்கள்.

சில்லறை விஷயங்கள்: போர்ட் பிளேரை விட்டுக் கிளம்பும் முன் ரொக்கம் எடுத்துக்கொள்ளுங்கள், சிறு தீவுகளில் ஏ.டி.எம். இருக்கும், பணம் இருக்கும் என்று சொல்ல முடியாது. 2020-இல் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் போட்ட பிறகு இணையம் எவ்வளவோ பரவாயில்லை, ஆனால் சாலைவழியில் பல மணி நேரம் சிக்னலே வராது, எனவே சீட்டு, அடையாள அட்டை எல்லாம் காகிதத்திலும் இருக்கட்டும். மணல் ஈக்கு உடம்பில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வது பழைய வழி, பெரும்பாலும் உதவுகிறது. மொழிக் கவலை வேண்டாம், 2011 கணக்கெடுப்பில் இந்த ஒன்றியப் பகுதியில் நூற்றுக்குப் பதினைந்து பேருக்குத் தமிழ்தான் தாய்மொழி, போர்ட் பிளேரின் அபர்டீன் பஜாரில் இட்லிக்கும் வழி கேட்கவும் தமிழே போதும். கரையில் பொறுக்கிய சங்கு, பவளத் துண்டு எதையும் பையில் போடாதீர்கள், குழந்தைகள் பையையும் ஒரு முறை தட்டிப் பாருங்கள், விமான நிலையச் சோதனையில் பிடிப்பார்கள். கடையில் வாங்கியது என்றால் ரசீது கையில் வேண்டும்.

நேரம் நிறைய, அவசரம் இல்லை என்பவர்களுக்குச் சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலும் உண்டு, ஏறக்குறைய மூன்று நாள். மாதத்தில் சில தடவைதான், தேதி கொஞ்ச நாள் முன்புதான் உறுதியாகும், அதனால் போகும்போது கப்பல், வரும்போது விமானம் என்று வைத்துக்கொண்டால் தலைவலி குறைவு. அடுக்குப் படுக்கைகள் உள்ள பங்க் வகுப்பு மலிவு, ஆனால் கூட்டமும் நாற்றமும் சேர்ந்தே வரும். குடும்பத்தோடு என்றால் கேபின் எடுங்கள். கேன்டீன் சாப்பாடு இரண்டாம் நாளே சலித்துவிடும், புளியோதரையும் ஊறுகாயும் கட்டிக்கொண்டு போங்கள்.